26 சென்டிமீட்டர் பாதத்துக்கு எத்தனை எண்கள்?

குதிகாலிலிருந்து விரல் நுனிவரை சரியாக 26 சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் ஆணின் பாதத்தை எடுத்துக்கொள்வோம். ஜப்பானியக் கடையில் இந்தப் பாதத்துக்கு 26 என்று எண்ணிட்ட ஷூவைத் தருவார்கள். கொரியாவில் அதன் பெயர் 260. சீனாவில் புதிய முறைப்படி 260, பழைய வழக்கப்படி 42. அமெரிக்காவில் 8. ஐரோப்பாவில் ஒரு நிறுவனம் 41 என்கிறது, இன்னொன்று 41⅓ என்கிறது. பிரிட்டன் அளவில் ஒருவருக்கு 7, மற்றவருக்கு 7½. பிரேசிலுக்குப் போனால் 39. பாதம் மட்டும் அதே 26 சென்டிமீட்டரில்தான் நிற்கிறது.

திருநெல்வேலியில் இருந்துகொண்டே குவாங்சோவிலும் லண்டனிலும் இருக்கும் விற்பனையாளர்களிடம் பொருள் வாங்க முடிகிற காலம் இது. உள்ளூர்க் கடையில் உட்கார்ந்து போட்டுப் பார்க்க ஸ்டூல் உண்டு. பத்தாவிட்டால் பையன் உள்ளே போய் அடுத்த சைஸை எடுத்து வருவான். கடல் கடந்து வரும் பார்சலில் அந்த வசதி இல்லை. திருப்பி அனுப்பும் செலவு பல நேரங்களில் பொருளின் விலையையே தொட்டுவிடும். எனவே எல்லோரும் நம்புவது இணையத்தில் கிடைக்கும் அளவு மாற்றுப் பட்டியலை. இரண்டு பட்டியல்களை அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு அடுத்த குழப்பம் காத்திருக்கிறது. ஒன்றில் பிரிட்டன் 7 என்பது ஐரோப்பிய 41, இன்னொன்றில் 40½.

இவற்றில் ஒன்று தவறாக இருக்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் எந்தப் பட்டியலாலும் முழுக்கச் சரியாக இருக்க முடியாது. காரணம் அச்சுப்பிழையோ அலட்சியமோ இல்லை. கணக்கே அப்படி அமைந்திருக்கிறது.

இந்தியாவில் இன்றும் புழங்கும் பிரிட்டன் அளவு முறையின் அடிப்படை, ஒரு பார்லி மணி. மூன்று பார்லி மணிகளை நீளவாக்கில் வரிசையாக வைத்தால் ஓர் இஞ்ச் என்பது இடைக்கால இங்கிலாந்தின் கணக்கு. நெல்லிலிருந்து விரல், சாண், முழம் என்று ஏறிய நம் பழைய அளவைகளைப் போல அங்கேயும் தானியம்தான் அளவுகோல். அந்த வழக்கப்படி, ஒரு ஷூ சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு பார்லி மணி, அதாவது மூன்றில் ஓர் இஞ்ச், சுமார் 8.47 மில்லிமீட்டர். அரை சைஸ் என்றால் அதில் பாதி.

எண்ணிக்கை தொடங்கும் இடம் இன்னும் விசித்திரமானது. குழந்தைகளுக்கான பூஜ்ய சைஸ் 4 இஞ்சில் தொடங்குகிறது. அங்கிருந்து ஒவ்வொரு பார்லி மணியாக ஏறி 13 வரை போகும். பிறகு எண் மறுபடியும் 1 ஆகிவிடும். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்குச் செருப்பு வாங்கப் போகும் பெற்றோர், போன வருஷம் 13 போட்ட பிள்ளைக்கு இந்த வருஷம் 1 என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்டுத் திகைப்பது இதனால்தான். பெரியவர்களுக்கான பூஜ்யம் 8⅓ இஞ்சில் இருக்கிறது. அதற்கு மேல் ஏழு பார்லி மணிகள் கூடினால் சைஸ் 7.

இந்த இஞ்ச் கணக்கு பாதத்தின் நீளத்தைக் குறிப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஷூவை எந்தக் கட்டையின் மேல் இழுத்துத் தைக்கிறார்களோ, அந்தக் கால் வடிவ அச்சின் நீளம் அது. ஆம்பூர், ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளில் அதை 'லாஸ்ட்' என்பார்கள். நடக்கும்போது விரல்கள் முன்னே நகர இடம் வேண்டும் என்பதால் லாஸ்ட் எப்போதும் பாதத்தைவிட நீளமாகவே இருக்கும். எவ்வளவு நீளம் என்பதை வடிவமைப்பவர் தீர்மானிக்கிறார். ஓட்டப் பயிற்சி ஷூவுக்கு ஒரு கணக்கு, கூர்முனை ஆபீஸ் ஷூவுக்கு வேறு கணக்கு. ஒரே எண் எழுதிய இரண்டு ஷூக்கள் ஒரே காலுக்குச் சேராமல் போவதற்கு முதல் காரணம் இதுதான்.

ஐரோப்பியக் கண்டத்துக்காரர்கள் பார்லியை ஏற்கவில்லை. பிரெஞ்சுச் செருப்புத் தொழிலாளர்களின் 'பாரிஸ் பாயின்ட்' அங்கே நிலைத்தது. ஒரு பாயின்ட் என்பது மூன்றில் இரண்டு சென்டிமீட்டர், 6.67 மில்லிமீட்டர். எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து நேராகத் தொடங்கும். குழந்தை, பெரியவர், ஆண், பெண் என்ற பிரிவினை கிடையாது. லாஸ்டின் நீளத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து ஒன்றரையால் பெருக்கினால் ஐரோப்பிய எண் வந்துவிடும்.

இப்போது இரண்டையும் மோத விடுவோம். பிரிட்டன் 7 என்றால் லாஸ்ட் நீளம் 10⅔ இஞ்ச், சுமார் 271 மில்லிமீட்டர். அதை 6.67ஆல் வகுத்தால் 40.6. இந்த 40.6 என்ற எண்ணை எந்த ஐரோப்பியக் கடையும் விற்பதில்லை. ஒரு நிறுவனம் அதை 40½ ஆக்குகிறது, மற்றொன்று 41 ஆக்குகிறது. பிரிட்டன் 10ஐ இதேபோல் கணக்கிட்டால் 44.45 வரும், அது சந்தையில் 44, 44½, 45 என்று மூன்று விதமாகவும் உலவுகிறது. 8.47க்கும் 6.67க்கும் பொருத்தமே இல்லாததால், ஒரு முறையிலிருந்து இன்னொரு முறைக்குத் தாவும் ஒவ்வொரு தடவையும் எங்கோ ஒரு மில்லிமீட்டரோ இரண்டோ மூன்றோ விழுங்கப்படுகிறது. ஷூவில் மூன்று மில்லிமீட்டர் என்பது நகம் இடிப்பதற்கும் இடிக்காமல் இருப்பதற்கும் உள்ள வேறுபாடு.

அடிடாஸ் ஷூக்களில் 42⅔, 43⅓ என்று பின்ன எண்கள் இருப்பதற்கும் விடை இங்கேயே கிடைக்கிறது. அரைப் பார்லி மணி 4.23 மில்லிமீட்டர். பாரிஸ் பாயின்ட்டில் மூன்றில் இரண்டு பங்கு 4.44. இரண்டும் ஏறக்குறைய ஒன்று. ஆகவே பிரிட்டன் அரை சைஸ் ஏறும்போது ஐரோப்பிய எண் ⅔ ஏறுகிறது: 8க்கு 42, 8½க்கு 42⅔, 9க்கு 43⅓. முழு எண்ணாக்கித் துல்லியத்தை இழப்பதற்குப் பதில் பின்னத்தை அப்படியே பெட்டியில் அச்சிடுகிறார்கள். பார்க்க விநோதமாக இருந்தாலும் பாராட்டத்தக்க நேர்மை.

நைக்கியின் வழி வேறு. அங்கே பிரிட்டன் 9 என்பது ஐரோப்பிய 44. பெட்டியில் 28 சென்டிமீட்டர் என்றும் இருக்கும். அடிடாஸின் பிரிட்டன் 9க்கு ஜப்பானிய அளவு 27½ சென்டிமீட்டர். ஒரே '9' என்ற எண்ணில் அரை சென்டிமீட்டர் வித்தியாசம். "என் கால் சைஸ் 9" என்று உறுதியாகச் சொல்பவர் எந்த நிறுவனத்தின் 9 என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த வாக்கியத்துக்குப் பொருள் உண்டு.

அமெரிக்கர்களும் பார்லி மணியையே பின்பற்றுகிறார்கள்; ஆனால் எண்ணிக்கையை வேறு இடத்தில் தொடங்குகிறார்கள். அதனால் ஆண்களுக்கு அமெரிக்க எண் பிரிட்டன் எண்ணைவிட வழக்கமாக ஒன்று அதிகம். சில நிறுவனங்களில் அரை மட்டுமே அதிகம். பெண்களுக்குப் பொதுவாக இரண்டு அதிகம். அமெரிக்கத் தளத்தில் ஷூ வாங்கும் பெண் தன் இந்திய 5ஐ அப்படியே தட்டச்சு செய்தால் வரும் ஜோடி, பிரிட்டன் 3க்குப் பக்கத்தில் இருக்கும். இரண்டு சைஸ் சிறியதான அது அவர் காலுக்குச் சேராது.

இந்தச் சிக்கலுக்கு நேரான தீர்வு ஏற்கெனவே இருக்கிறது. லாஸ்டை விட்டுவிட்டு, பாதத்தின் நீளத்தை மில்லிமீட்டரில் அளந்து அதையே ஷூவுக்குப் பெயராக வைப்பது. 'மாண்டோபாயின்ட்' என்ற இந்த முறையை ஐ.எஸ்.ஓ. 9407 என்ற உலகத் தரம் வரையறுக்கிறது. 280/110 என்று எழுதியிருந்தால் பாத நீளம் 280 மில்லிமீட்டர், அகலம் 110. நேட்டோ நாடுகளின் ராணுவ பூட்ஸ்களும் பனிச்சறுக்கு பூட்ஸ்களும் இந்த முறையில் வருகின்றன. உயிரோடு விளையாடும் இடங்களில் பார்லி மணியை யாரும் நம்பவில்லை என்பது கவனிக்க வேண்டிய செய்தி. ஜப்பான் சென்டிமீட்டரிலும் கொரியா மில்லிமீட்டரிலும் இதே தத்துவத்தைத்தான் அன்றாடச் செருப்புக்கும் பயன்படுத்துகின்றன. சீனாவின் பழைய எண்ணையும் சென்டிமீட்டரிலிருந்து எளிதாகப் பெறலாம்: பாத நீளத்தை இரண்டால் பெருக்கிப் பத்தைக் கழிக்க வேண்டும். 26 சென்டிமீட்டருக்கு 42 வந்தது இப்படித்தான். இந்த 42ஐ ஐரோப்பிய 42 என்று நினைத்து வாங்குபவருக்கு ஷூ இறுக்கும்.

பெரிய நிறுவனங்களின் விளையாட்டு ஷூவில் நாக்குப் பகுதியைத் திருப்பிப் பார்த்தால் சிறிய எழுத்தில் நான்கைந்து எண்கள் இருக்கும். அவற்றில் 'சி.எம்.' என்றோ 'ஜே.பி.' என்றோ குறித்த எண்தான் உடம்போடு நேரடித் தொடர்புள்ளது. ஏற்கெனவே நன்றாகப் பொருந்துகிற ஷூ வீட்டில் இருந்தால், அடுத்த நிறுவனத்தின் ஷூவை வாங்கும்போது ஒப்பிட வேண்டியதும் அந்த எண்ணைத்தான்.

நீளம் பாதிக் கதை. மீதிப் பாதி அகலம். 1920களில் அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரில், செருப்புக்கடைக் குடும்பத்தைச் சேர்ந்த சார்ல்ஸ் பிரானக் என்ற இளைஞர் ஓர் உலோகத் தட்டை உருவாக்கினார். குதிகாலைப் பின்னே ஒட்டி வைத்தால், நீளம், அகலம், பெருவிரலின் அடிமூட்டு வரையிலான தூரம் மூன்றையும் நகரும் சட்டங்கள் காட்டிவிடும். நூறாண்டுக்குப் பின்னும் நல்ல செருப்புக் கடைகளில் அந்தத் தட்டு இருக்கிறது. மூன்றாவது அளவு முக்கியமானது. ஷூ வளைய வேண்டிய இடம் அதுதான். நீளம் சரியாக இருந்தும் வளைவு தவறினால் நடை வலிக்கும். அகலத்தை எழுத்துகளால் குறிக்கிறார்கள். அமெரிக்க ஆண்களுக்கு 'டி' சராசரி, '2ஈ', '4ஈ' என்றால் அகலம். பிரிட்டனில் ஆண்களின் சராசரி 'எஃப்'. இதை அறியாமல் பிரிட்டன் 'எஃப்' என்பதை அகலமான ஷூ என்று எண்ணி வாங்கி ஏமாறுவதும் நடக்கிறது.

இந்தியர்களுக்கு இந்த அகலக் கணக்கு மிகவும் தேவை. சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 79 இடங்களில், ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனர்களால் அளந்தது. இந்தியப் பாதங்கள் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானவை என்பது அந்த ஆய்வில் தெளிவானது. அகலம் போதாத ஷூவை வாங்கும் இந்தியர் வேறு வழியின்றி ஒரு சைஸ் பெரியதாக எடுக்கிறார். அகலம் சரியாகிறது, நீளம் கூடிவிடுகிறது. கால் உள்ளே வழுக்கி, குதிகால் உரசிக் கொப்பளிக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு இது சின்ன விஷயமில்லை. உணர்வு குறைந்த காலில் ஒரு கொப்புளம் ஆறாத புண்ணாகலாம்.

அந்த ஆய்வின் பயனாக 'பா' என்ற இந்திய அளவு முறை முன்மொழியப்பட்டது. பாரத் என்ற பெயரின் முதலெழுத்து. கைக்குழந்தை தொடங்கிப் பெரியவர் வரை எட்டுப் பிரிவுகள். இந்தியப் பாதத்தின் அகலத்தை மனதில் வைத்து லாஸ்டுகள். இந்தியப் பெண்களின் பாத வளர்ச்சி 11 வயதுவாக்கிலும் ஆண்களின் பாத வளர்ச்சி 15, 16 வயதுவாக்கிலும் உச்சத்தைத் தொடுகிறது என்பதையும் அதே ஆய்வு கண்டறிந்தது. வெளிநாட்டுக்கு ஷூ தைத்து அனுப்பும் ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும், நம் சொந்தக் காலுக்கான அளவை அடையாறு கண்டுபிடித்துச் சொல்லும்வரை காத்திருக்க நேர்ந்தது என்பது வருத்தத்துக்குரியதுதான். தாமதமாக வந்தாலும் வர வேண்டியது வந்திருக்கிறது.

இனி துணிக்கு வருவோம். ஷூவிலாவது பார்லி மணி என்ற ஒரு பிடி இருந்தது. பெண்களுக்கான ஆயத்த ஆடைகளில் அதுவும் கிடையாது.

1939, 1940ஆம் ஆண்டுகளில் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த ரூத் ஓ'பிரையன், வில்லியம் ஷெல்டன் இருவரும் ஏறத்தாழ 15,000 பெண்களின் உடல் அளவுகளைத் திரட்டினார்கள். ஒவ்வொருவரிடமும் 59 அளவுகள். பெண்களின் அளவுகளைத் திரட்ட இவ்வளவு பெரிய முயற்சி அதற்கு முன் நடந்ததில்லை. ஆனால் வெள்ளையர் அல்லாத பெண்களின் அளவுகளை எடுத்துவிட்டு, இறுதிக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கினார்கள். பிற்பாடு, தபால் மூலம் ஆடை விற்கும் நிறுவனங்களின் சங்கம், பட்டியலைப் பார்த்து வாங்கும் வாடிக்கையாளர்கள் பொருந்தாத உடைகளைத் திருப்பி அனுப்புவதைச் சமாளிக்க ஒரு தர அளவு வேண்டும் என்று அரசின் தர நிர்ணய அமைப்பை அணுகியது. இன்றைய இணைய வியாபாரத்தின் தலைவலி அன்றே தபால் வியாபாரத்தில் இருந்திருக்கிறது. அந்தப் பழைய தரவுகளின் மேல்தான் 1958இல் அமெரிக்கப் பெண்கள் ஆடைகளுக்கான தர அளவு வெளியானது.

அதைப் பின்பற்ற வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. கடைக்காரர்கள் விரைவில் ஓர் உண்மையைக் கண்டுகொண்டார்கள்: வழக்கமாக 14 போடும் பெண்ணுக்கு 12 பொருந்தினால் மகிழ்ச்சி, மகிழ்ந்தவர் வாங்குவார். ஆகவே துணியைப் பெரிதாக்கினார்கள், எண்ணை மாற்றாமல் விட்டார்கள். 1983இல் அரசு அந்தத் தர அளவையே கைவிட்டது. 1958இல் 16 என்று விற்ற கவுனும் இன்று 8 என்று விற்கும் கவுனும் ஏறக்குறைய ஒரே அளவு. கீழே எண்கள் தீர்ந்துபோனதால் பூஜ்யமும், அதற்கும் கீழே இரட்டைப் பூஜ்யமும் முளைத்தன.

ஆண்களின் பேன்ட் இடுப்பு இஞ்சில் எழுதப்படுகிறதே, அதில் ஏமாற்ற முடியாது என்று நினைக்கலாம். 2010இல் எஸ்குவயர் பத்திரிகைக்காக ஒருவர் 36 இஞ்ச் என்று லேபிள் போட்ட பேன்ட்களை இஞ்ச் டேப்பால் அளந்தார். 37லிருந்து 41 வரை வந்தது. இஞ்ச் என்ற சொல்லுக்கே அந்த லேபிள்களில் பொருள் இல்லாமல் போயிருந்தது.

ஐரோப்பிய எண்களில் கொஞ்சம் ஒழுங்கு தெரியும். ஆண்களின் கோட்டில் 50 என்றால் மார்புச் சுற்று 100 சென்டிமீட்டர். சுற்றில் பாதியே எண். அமெரிக்க, பிரிட்டன் கோட்டில் அதே உடம்புக்கு 40, இஞ்சில். பெண்களுக்கு ஜெர்மன் முறையில் மார்புச் சுற்றைப் பாதியாக்கி ஆறைக் கழிப்பது வழக்கம்: 88 சென்டிமீட்டருக்கு 38. அதே உடை பிரான்சில் 40, இத்தாலியில் 44, பிரிட்டனில் 12, அமெரிக்காவில் 8. 'ஐரோப்பிய சைஸ் 40' என்று மட்டும் எழுதி, எந்த நாட்டு 40 என்று சொல்லாத விற்பனையாளரிடம் வாங்குபவர் ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் நடுவில் சிக்கிக்கொள்வார்.

இவை எல்லாவற்றையும்விட அதிகம் கேட்கும் புலம்பல், சீனாவிலிருந்து வரும் துணி ஒரு சைஸ் சிறியதாக இருக்கிறது என்பது. தையலில் துணியை மிச்சம் பிடிக்கிறார்கள் என்று பலரும் நம்புகிறார்கள். காரணம் அங்கில்லை. சீனத் தேசியத் தரத்தின்படி உள்நாட்டுத் துணிகளின் லேபிளில் 160/84ஏ போன்ற ஒரு குறி இருக்கும். 160 என்பது அணிபவரின் உயரம், 84 மார்புச் சுற்று, இரண்டும் சென்டிமீட்டரில். 'ஏ' என்பது உடல்வாகு: மார்புச் சுற்றிலிருந்து இடுப்புச் சுற்றைக் கழித்தால் பெண்களுக்கு 14 முதல் 18 வரை வந்தால் 'ஏ', அதைவிடக் கூடினால் 'ஒய்', குறைந்தால் 'பி', இன்னும் குறைந்தால் 'சி'. அந்தத் தரத்தில் பெண்களின் நடுத்தர உடம்பு 160/84. அதைத்தான் 'எம்' என்கிறார்கள். அடுத்த படியான 165/88 அங்கே 'எல்'. அந்த 88ஐ இப்போதுதான் ஜெர்மன் கணக்கில் பார்த்தோம். அங்கே அது 38, அதாவது 'எம்'. மார்புச் சுற்று இரண்டிலும் ஒன்றே. எந்த ஊர் மக்களின் நடுவைக் கொண்டு 'எம்' என்று பெயரிட்டார்கள் என்பதில்தான் வேறுபாடு. எழுத்தை மறந்துவிட்டு இந்த லேபிள் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொண்டவருக்குச் சீனத் துணியைப் போல நேர்மையான லேபிள் வேறில்லை.

ஜப்பானியப் பெண்கள் ஆடையில் '9ஏஆர்' என்றிருந்தால் மார்பு 83, உயரம் 158 சென்டிமீட்டர். கொரியாவில் 55, 66 என்ற பழைய எண்களை இன்னும் பேச்சிலும் கடைகளிலும் கேட்கலாம். 155 சென்டிமீட்டர் உயரமும் 85 சென்டிமீட்டர் மார்பும் கொண்ட உடம்பின் கடைசி இலக்கங்களைச் சேர்த்துத்தான் அந்த 55 பிறந்தது. குழந்தைகள் ஆடையில் ஐரோப்பாவைப் பார்த்துக் கற்க வேண்டியது இருக்கிறது. 98, 104, 110 என்று ஆறு ஆறு சென்டிமீட்டராகக் குழந்தையின் உயரத்தை எழுதுகிறார்கள். '4-5 வயது' என்று எழுதும் நம் வழக்கத்தைவிட அது ஆயிரம் மடங்கு மேல். ஐந்து வயதுப் பிள்ளைகள் நான்கு பேரை வரிசையில் நிற்கவைத்தால் நான்கு உயரம்.

உடல் அளவையே லேபிளில் எழுதும் பழக்கம் நமக்குப் புதிதும் அல்ல. ஆண்கள் பனியன் வாங்கும்போது யாரும் 'எம்' கேட்பதில்லை. 85, 90, 95 என்றுதான் கேட்கிறார்கள். அது மார்புச் சுற்று, சென்டிமீட்டரில். திருப்பூர் பனியனுக்குள் இருக்கும் இந்த நல்ல வழக்கம் அதற்கு மேல் போடும் சட்டைக்குப் பரவாமல் போனது ஏன் என்று ஆடைத் தொழிலில் இருப்பவர்கள் யோசிக்க வேண்டும். இந்தியர்களின் உடல் அளவுகளைத் திரட்ட தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனம் 'இந்தியாசைஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஆறு நகரங்களில், 15 முதல் 65 வயது வரையிலான 25,000 பேரை ஸ்கேனரில் நிறுத்தி அளப்பது அதன் இலக்கு.

வெளிநாட்டுத் துணியை வாங்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, பட்டியலில் உள்ள எண் உடம்பின் அளவா துணியின் அளவா என்பதை. ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகள் பெரும்பாலும் உடம்பின் அளவைத் தருகின்றன. சீன விற்பனையாளர்கள் பெரும்பாலும் தைத்த துணியின் அளவைத் தருகிறார்கள். இரண்டையும் குழப்பினால் எல்லாமே தப்பு. 96 சென்டிமீட்டர் மார்புள்ளவருக்கு 96 சென்டிமீட்டர் சட்டை போதாது. மூச்சு விடவும் கை தூக்கவும் இடம் வேண்டும். நெய்த துணிச் சட்டைக்கு எட்டுப் பத்து சென்டிமீட்டராவது கூடுதலாக இருக்க வேண்டும், லூஸாகப் போட விரும்பினால் இன்னும் அதிகம். பின்னல் துணி இழுபடும் என்பதால் டீ-ஷர்ட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. லெகிங்ஸ் போன்றவை உடம்பைவிடச் சிறியதாகவே தைக்கப்படுகின்றன.

இதற்கு டெய்லர்கள் காலங்காலமாகச் செய்துவரும் வேலையே சிறந்த வழி: அளவுச் சட்டை. வீட்டில் கச்சிதமாகப் பொருந்துகிற ஒரு சட்டையைத் தரையில் சுருக்கமில்லாமல் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள்வரை அளக்க வேண்டும். 52 சென்டிமீட்டர் வந்தால் மார்புச் சுற்று 104. அதேபோல் தோள், உயரம், கை நீளம். விற்பனையாளரின் பட்டியலிலும் மார்பு 52 என்றிருந்தால் அது விரித்த அளவு, 104 என்றிருந்தால் சுற்றளவு. தொழிற்சாலையில் வெட்டும்போதும் தைக்கும்போதும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூடக் குறைய வருவதை எல்லா நிறுவனங்களும் அனுமதிக்கின்றன. அதையும் கணக்கில் வைக்க வேண்டும். சலவையில் சுருங்கும் பருத்தி என்றால் இன்னும் கவனம். 70 சென்டிமீட்டர் உயரச் சட்டை 5 சதவீதம் சுருங்கினால் மூன்றரை சென்டிமீட்டர் போய்விடும். சரிசெய்யக்கூடிய தவறு எது, முடியாதது எது என்பதும் முக்கியம். பெரிய இடுப்பை ஆல்டர் செய்யலாம். அகலமான தோளைக் குறைப்பது சிரமம். சிறியதாக வந்த தோளுக்கு வழியே இல்லை. எனவே இரண்டு சைஸுக்கு நடுவில் தடுமாறுபவர் தோளைப் பார்த்து முடிவு செய்யலாம்.

ஷூவுக்காகப் பாதத்தை அளக்க மாலை நேரமே சரி; பகலெல்லாம் நின்றும் நடந்தும் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். சுவரை ஒட்டித் தரையில் ஒரு காகிதம், குதிகால் சுவரில் படும்படி நின்று, உடல் எடை முழுவதையும் அந்தக் காலில் வைத்து, நீளமான விரலின் நுனியில் கோடு. நீளமான விரல் பெருவிரலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை; பலருக்கு இரண்டாவது விரல்தான் முன்னே நிற்கும். இரண்டு கால்களையும் அளந்து பெரியதை எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இரண்டும் சமமாக இருப்பவர்கள் குறைவு. அகலமான இடத்தின் அளவையும் குறித்துக்கொள்ள வேண்டும். நீளத்தோடு ஒன்றரை சென்டிமீட்டர் கூட்டி ஒன்றரையால் பெருக்கினால் ஐரோப்பிய எண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிடலாம்: 26க்கு 41¼. கடை ஷூவின் உள் அட்டை நீளத்தைத் தந்திருந்தால், அது பாதத்தைவிட ஒரு சென்டிமீட்டராவது கூடுதலாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜப்பானியக் கடையின் எண்ணோடு எதையும் கூட்டக் கூடாது. 26 என்பது காலின் நீளம், விரலுக்கான இடத்தை அவர்களே சேர்த்துத் தைத்திருக்கிறார்கள்.

வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் பாத நீளம், பாத அகலம், மார்பு, இடுப்பு, பிட்டம், தோள் ஆகியவற்றை ஒருமுறை அளந்து, சென்டிமீட்டரில் கைபேசியில் எழுதி வையுங்கள். வளரும் பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். வாங்கும் முன் விற்பனையாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் பொருள் எத்தனை சென்டிமீட்டர்? அதற்கு எண்ணால் பதில் சொல்லாத கடையில், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாங்காதீர்கள்.